பெற்றோர் வீட்டை விற்கும் முன்

திருச்சி உறையூரில் அப்பா 1987-ல் கட்டிய வீட்டை விற்று, அம்மாவைத் தாம்பரத்துக்கு அழைத்துவர எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. விலை படியாமல் இழுக்கவில்லை. வாங்க ஆள் வராமலும் இல்லை. வில்லங்கச் சான்றில் இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம். 1991-ல் அப்பா ஒரு வீட்டுவசதிச் சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டினார், பத்திரத்தையும் திரும்ப வாங்கி வந்து பீரோவில் பத்திரப்படுத்திவிட்டார். கடன் தீர்ந்தது என்று சங்கம் எழுதித் தரும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. முப்பது வருஷம் கழித்து, வாங்க வந்தவரின் வங்கி வக்கீல் அந்த வரியில் விரலை வைத்தார். சங்கத்தில் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து, நடுவில் செயலாளர் மாறி, புதியவர் வந்து கையெழுத்துப் போட்டு, ரசீது பதிவாக ஏழு மாதம். அதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு முடித்துவிட்டார்.

அந்த ஏழு மாதத்தில் கற்றதையும், அதன்பின் உறவிலும் நட்பிலும் சில வீடுகள் கைமாறும்போது கூட நின்று பார்த்ததையும் எழுதுகிறேன். விற்பதா வாடகைக்கு விடுவதா, தரகரா நேரடியா, கடன் வாங்கி வருபவரா கைக்காசோடு வருபவரா, பேக்கர்ஸா சொந்தமாக லாரி பிடிப்பதா என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வழிகள் வந்து நிற்கும். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "என் கையில் எத்தனை மாதம் இருக்கிறது?" என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற பதில்களில் முக்கால்வாசி அதிலிருந்தே வந்துவிடும்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

அப்பா இறந்த வருஷமே விற்க வேண்டாம் என்பது என் கருத்து. துக்கத்தில் எடுக்கும் முடிவை அம்மா பின்னால் நினைத்து நினைத்து வருந்துவார். ஆனால் இன்னும் ஐந்து வருஷத்தில் பிள்ளைகளில் ஒருவராவது அந்த வீட்டில் குடியேறப் போவதில்லை என்பது உறுதியானால், பூட்டி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பூட்டிய வீட்டை முதலில் கரையான் பிடிக்கும். அடுத்து கிணற்று மோட்டார் போகும். பக்கத்து மனைக்காரரின் சுற்றுச்சுவர் அரையடி உள்ளே வந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

வாடகைக்கு விடலாம் என்றால் கணக்கு இப்படி இருக்கும். அறுபது லட்சம் பெறுமானமுள்ள வீட்டுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் வாடகை வந்தால், வருஷத்துக்கு 1,44,000 ரூபாய், அதாவது 2.4 சதவீதம். வீட்டுவரி, வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. வங்கி வைப்பில் இதைவிடக் கூடுதலாக வரும். மனை விலை ஏறும் இடமாக இருந்து, அந்தப் பணம் உடனே தேவைப்படாவிட்டால் மட்டும் வாடகைக்கு விடுங்கள். விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி பதிவும் செய்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் ஒத்திக்கு விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சென்னையில் இதை லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும், மாத வாடகை கிடையாது. ஒரு எச்சரிக்கை: ஓரிரு வருஷத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் ஒத்தி வேண்டாம். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் வீடு காலியாகும். அந்தப் பணமோ பெரும்பாலும் ஒரு கல்யாணத்திலோ கல்லூரிக் கட்டணத்திலோ போயிருக்கும். வாங்க வருபவரின் முன்பணத்தை வாங்கி ஒத்திக்காரருக்குக் கொடுத்து, அவர் காலி செய்யும்வரை இரண்டு பக்கமும் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பில்டரிடம் மனையைக் கொடுத்து, கட்டும் ஃபிளாட்டுகளில் பங்கு வாங்குவது நான்காவது வழி. மனை பெரியதாக, சாலை அகலமாக, உங்களுக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கும் தெம்பு இருந்தால் யோசிக்கலாம். அம்மாவின் மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்ற நிலையில் இதன் பக்கமே போக வேண்டாம்.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள்

அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவரும் சம பங்குதாரர்கள். கல்யாணமாகிப் போன மகள், சீர் செய்து அனுப்பிய மகள் என்றெல்லாம் சட்டத்தில் விலக்கு இல்லை. "அக்கா ஒண்ணும் கேக்க மாட்டா" என்று சொல்லிக்கொண்டு அக்கா இல்லாமல் விலை பேசப் போகாதீர்கள். அவர் கேட்காமல் இருக்கலாம். வங்கி வக்கீல் கேட்பார். அதைவிட முக்கியம், அது அவர் பங்கு.

வாரிசுச் சான்று கையில் வந்ததும் இரண்டு வழி உண்டு. எல்லா வாரிசுகளும் சேர்ந்து வாங்குபவருக்கு நேரடியாகக் கிரயம் எழுதிக் கொடுக்கலாம். அல்லது மற்றவர்கள் ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அவர் மட்டும் விற்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இது கூடுதல் செலவு. எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்க முடியும் என்றால் சேர்ந்தே கிரயம் எழுதிக் கொடுப்பதுதான் நல்லது. பணமும் அவரவர் கணக்கில் நேராகப் போய்விடும், பின்னால் பேச்சுக்கு இடமில்லை.

எங்கள் தம்பி தோஹாவில் இருக்கிறான். வர முடியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்கள் நிறைய. இன்னொன்றையும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: அயல்நாடு வாழ் இந்தியரின் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி, உள்ளூர்க்காரர் பங்குக்குப் பிடிக்கும் 1 சதவீதத்தைப் போலப் பல மடங்கு. குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமானவரித் துறையிடம் சான்று வாங்கலாம். அதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

பவர் பற்றிப் பேசும்போதே ஒன்று. வாங்குபவர் "பவர் மட்டும் எழுதிக் கொடுங்க, பணம் முழுசும் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பவர் பத்திரத்தாலும் ஒப்பந்தத்தாலும் சொத்துரிமை மாறாது, பதிவான கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டுவரியும் மின் கட்டணமும் உங்கள் பெயரிலேயே கிடக்கும். நாளைக்கு அங்கே ஒரு தகராறு என்றால் நோட்டீஸும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

காகிதம் சரியாக இருக்கிறதா?

விலை பேசுவதற்கு மூன்று மாதம் முன்னால் இதைத் தொடங்குங்கள். மூலப்பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், வீட்டுவரி ரசீது, வாரிசுச் சான்று. இவற்றில் பட்டா பலருக்கு இன்னும் அப்பா பெயரிலோ, அப்பாவுக்கு விற்றவர் பெயரிலோகூட இருக்கும். அதை முதலில் மாற்றுங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாளாகும். மூலப்பத்திரம் தொலைந்துபோயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற்று, நாளிதழில் விளம்பரமும் கொடுத்து வைத்திருங்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடி அறை, பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்த அன்றே தெரிந்துவிடும்.

வீட்டின் மேல் இப்போது கடன் ஓடிக்கொண்டிருந்தால், கைப்பணத்தில் அடைத்துவிட்டு விற்பதே எளிது. முழுக் கடனும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அதன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கைப்பணம் இல்லையென்றால், வாங்குபவரின் வங்கி உங்கள் வங்கிக்கு நேராகக் கட்டி முடிக்கும். நடக்கும், ஆனால் இரண்டு வங்கிக்கும் நடுவில் நீங்கள்தான் அலைய வேண்டும். எந்த வழியானாலும், கடன் தீர்ந்த ரசீது வில்லங்கத்தில் ஏறியதா என்று நீங்களே பாருங்கள். எங்கள் அப்பாவின் கதையைச் சொல்லிவிட்டேன்.

தரகரா, நேரடியா?

தரகு பொதுவாக விலையில் 1 முதல் 2 சதவீதம். பல இடங்களில் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். அறுபது லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். இது பெரிய தொகைதான். ஆனால் நல்ல தரகர் செய்யும் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீங்கள் சென்னையில் இருக்க, வீடு திருச்சியில் இருந்தால், வருபவருக்கெல்லாம் சாவி எடுத்துக் காட்டுவது, சும்மா வேடிக்கை பார்க்க வருபவரை வடிகட்டுவது, பதிவு அலுவலகத்தில் டோக்கன் போடுவது வரை அவர்தான். உங்களுக்கு மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது, ஊரிலும் நீங்கள் இல்லை என்றால் தரகரையே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் முதலில் வந்த தரகர் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டது: "சார், உங்களுக்கு நெட்டா எவ்வளவு வேணும் சொல்லிடுங்க. அதுக்கு மேல வர்றதை நான் பாத்துக்கறேன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா உள்ளேயிருந்து, "மேல வர்றது எவ்வளவுன்னு நமக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் விஷயம் முடிந்தது. நெட் விலைக்கு ஒத்துக்கொண்டால் வாங்குபவரையும் விற்பவரையும் கடைசிவரை ஒன்றாக உட்கார விடமாட்டார்கள். சதவீதத்தைப் பேசி, யார் எவ்வளவு எப்போது தர வேண்டும் என்பதை எழுதி வையுங்கள். பதிவு முடிந்த பிறகே தரகு. பத்திர நகல் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது.

ஆறு மாதத்துக்கு மேல் நேரம் இருந்து, குடும்பத்தில் ஒருவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார் என்றால் நேரடியாகவே விற்றுப் பாருங்கள். முதலில் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டுக்காரரிடம். மனையை ஒட்டி இருப்பவருக்கு உங்கள் இடம் மற்ற எவரையும்விடக் கூடுதல் மதிப்புள்ளது. அவர் பையனுக்கோ பெண்ணுக்கோ பக்கத்திலேயே வீடு அமைவது அவருக்குப் பெரிய விஷயம். அடுத்து அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறாமல் சொந்த வீடு தேடுபவர்கள் அவர்கள்தான். இணையதளங்களில் போட்டால் நிறைய போன் வரும், அதில் பாதி தரகர்களுடையதாகவே இருக்கும். நகரத்து ஃபிளாட்டுகளுக்கு அவை நன்றாகப் பயன்படுகின்றன. சின்ன ஊர்த் தனி வீட்டுக்கு, வாசலில் தொங்கும் ஒரு போர்டும் தெருமுனை மளிகைக்கடைக்காரரும் போதும். எங்கள் வீட்டைக் கடைசியில் வாங்கியவர் இரண்டாவது தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு ஆசிரியை.

ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் காலி வீட்டுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு என்பதும் நான் கண்டது. காலி வீட்டைப் பார்ப்பவர் கண்ணுக்குச் சுவரின் ஈரமும் விரிசலும்தான் தெரியும். வாசல் தெளித்து, விளக்கேற்றி, குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் அவர் தன் குடும்பம் இருப்பதை நினைத்துப் பார்ப்பார்.

யாருக்கு விற்பது, எப்படிப் பணம் வாங்குவது?

தமிழ்நாட்டில் கிரயப் பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டுவது வாங்குபவர்தான். ஆனாலும் விற்பவர் இதை மனதில் வைத்துப் பேச வேண்டும். அறுபது லட்சத்து வீட்டுக்கு அவர் மேலும் 5,40,000 எடுத்து வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் "ஒரு லட்சம் குறைச்சுக்குங்க" என்று அவர் நிற்பது பெரும்பாலும் இந்தத் தொகை இடிப்பதால்தான்.

கைக்காசோடு வருபவர் வேகமாக முடிப்பார், அடித்துப் பேசவும் செய்வார். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு வக்கீல் கருத்து, மதிப்பீடு, ஒப்புதல் என்று ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கும். வங்கி வருவதால் முழு விலையும் பத்திரத்தில் ஏறும், பதிவு நாளில் வங்கி அதிகாரியே வரைவோலையோடு வந்து நிற்பார். நேரம் மிகக் குறைவாக இருந்தாலோ, கட்டடம் அனுமதியை மீறியிருந்தாலோ கைக்காசுக்காரரைத் தேடுங்கள்.

"வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடலாம், மீதியை ரொக்கமாகத் தர்றேன்" என்ற பேச்சு வரும். வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தடை. வாங்கிய தொகைக்குச் சமமான தொகை அபராதமாக வரலாம். அந்தப் பணத்தை வைத்து அடுத்த வீட்டை வெளிப்படையாக வாங்கவும் முடியாது.

முன்பணம் வாங்கும்போது கிரய ஒப்பந்தம் எழுதுவோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதையும் பதிவு செய்தாக வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். வாங்க வந்தவர் பாதியில் காணாமல் போனால், ரத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இல்லாமல் அடுத்தவர் வாங்கத் தயங்குவார். ஆகவே கெடுவை மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கெடு தாண்டினால் முன்பணம் என்ன ஆகும், ரத்துக்கு அவர் எத்தனை நாளில் வர வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். உங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்டவர் நீதிமன்றம் போனால் வீட்டை அவருக்கே எழுதிக் கொடுக்கச் சொல்வதுதான் பொது விதி. கூடுதல் விலைக்கு ஆள் வந்துவிட்டது என்று பின்வாங்க முடியாது.

பதிவு நாளில் பணம் கணக்கில் ஏறிய பிறகே, அல்லது சரிபார்த்த வரைவோலை கைக்கு வந்த பிறகே கையெழுத்து. சாதாரணக் காசோலையை நம்பிப் பதிந்து, அது திரும்பி வந்தால், பத்திரம் தானாக ரத்தாகாது. பணத்துக்காக வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான்.

வரிக் கணக்கு

இரண்டு வருஷத்துக்கு மேல் குடும்பத்தில் இருந்த வீட்டை விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம். அப்பா வைத்திருந்த காலமும் சேரும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவருக்கு இரண்டு வழி உண்டு. பணவீக்கக் குறியீட்டைக் கணக்கில் எடுக்காமல் 12.5 சதவீதம், அல்லது எடுத்து 20 சதவீதம். எது குறைவோ அது. 2001-க்கு முந்தைய வீடாக இருந்தால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக வைக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல்.

2025-26-க்கான குறியீடு 376, 2001-க்கு 100. அறுபது லட்சத்துக்கு விற்ற வீட்டின் 2001 மதிப்பு ஐந்து லட்சம் என்று வையுங்கள். முதல் வழியில் வரி 6,87,500. இரண்டாவது வழியில் அடக்கம் 18,80,000 ஆகி, வரி 8,24,000. முதலாவது லாபம். அதே வீட்டின் 2001 மதிப்பு பன்னிரண்டு லட்சம் என்றால் முதல் வழியில் 6,00,000, இரண்டாவதில் 2,97,600. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதில் செஸ், கூடுதல் வரி சேர்க்கவில்லை. அந்தக் குறியீட்டில், விற்ற விலை 2001 மதிப்பைப் போல எட்டு மடங்குக்குள் இருந்தால் 20 சதவீத வழிதான் நல்லது. ஆகவே 2001 மதிப்பைக் குத்துமதிப்பாகப் போடாமல், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சில ஆயிரம் செலவழித்து அறிக்கை வாங்குங்கள். ஆடிட்டரையும் விற்ற பிறகு பார்க்காமல், விலை பேசும்போதே பாருங்கள்.

ஆதாயத்தில் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. விற்பதற்கு முந்தைய ஒரு வருஷத்திலோ, பிந்தைய இரண்டு வருஷத்திலோ வாங்கலாம். கட்டுவதென்றால் மூன்று வருஷம். கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் வீடு அமையாவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கிப் பணத்தை அதில் போட வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் விலக்கு போய்விடும். வீடு வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனப் பத்திரங்களில் ஐம்பது லட்சம் வரை போடலாம், ஐந்து வருஷம் எடுக்க முடியாது.

விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. கடன் வாங்கிப் புது வீட்டை முடித்துவிட்டால், பழைய வீட்டைக் குறைந்த விலைக்காவது தள்ளிவிடும் அவசரம் வந்துவிடும். நாங்கள் தாம்பரத்தில் முதலில் வாடகைக்கு வீடு பிடித்தோம். கோவில், டாக்டர், காய்கறிக்கடை எல்லாம் அம்மாவுக்கு நடக்கும் தூரத்தில் ஒத்துவருகிறதா என்று ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் ஃபிளாட் வாங்கினோம். வயதானவரை அழைத்துப் போகும் எல்லோருக்கும் இதையே சொல்வேன்.

சாமான் ஏற்றும் நாள்

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்காமல் கூடுதல் டோக்கன் விடுவார்கள். லாரியும் ஆளும் கிடைப்பது கஷ்டம். பெயின்ட் அடிப்பது, பரணை இறக்குவது, வேண்டாததைக் கழிப்பது என்ற வேலைகளுக்கு ஆடியை வைத்துக்கொண்டு, ஆவணியில் பால் காய்ச்சுங்கள்.

உள்ளூருக்குள் மாறுவதென்றால் ஒரு குட்டி யானையும் இரண்டு லோடுமேன்களும் போதும், பேக்கர்ஸ் தேவையில்லை. 300 கிலோமீட்டர் என்றால் யோசிக்க வேண்டும். பேக்கர்ஸ் கம்பெனி என்றால், வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். ஏற்றிய பிறகு தொகையைக் கூட்டிக் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவேன் என்பவர்கள் அவர்களில்தான் அதிகம். சாமான் பட்டியல், மொத்தத் தொகை, மாடிக்கு ஏற்றும் கூலி எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் என்று அவர்கள் வாங்கும் பணத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண் கேளுங்கள். ரசீதின் மூலையில் "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று அச்சடித்திருந்தால், உடைந்ததற்கு அவர்கள் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். திரும்பும் லோடு லாரி மலிவு, ஆனால் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் தெரிந்த லாரிக்காரரைப் பிடித்து, கட்டுவதை நாங்களே செய்தோம். மூன்று நாள் ஆனது. பீரோவைக் கட்டிய விதத்தை உறையூர் லோடுமேன் ஒருவரிடம்தான் கற்றேன். உள்ளே துணிகளை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியின் மேல் பழைய ஜமக்காளத்தை மடித்து வைத்து, கயிறு போடாமல் அம்மாவின் இரண்டு நூல் புடவைகளை முறுக்கிக் கட்டினார். "கயிறு பெயின்ட்டை அறுத்துடும் தம்பி" என்றார். தாம்பரத்தில் இறக்கியபோது ஒரு கீறல் இல்லை. ஃபிரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றி, இறக்கிய பின் சில மணி நேரம் விட்டு மின்சாரம் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சாய்ந்தால் அமிலம் வழியும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாமல் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நகையும் பத்திரமும் உங்கள் மடியில் வரட்டும்.

போன பிறகு ஆதார், ரேஷன் அட்டை, வங்கி, ஓய்வூதியம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. விற்ற வீட்டின் மின் இணைப்பும் வீட்டுவரியும் வாங்கியவர் பெயருக்கு மாறியதா என்று இரண்டு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

இப்போதைக்கு விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் பெற்றோர் வீட்டின் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை. பழைய அடமானம் ஏதாவது தீராமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், கடன் எங்கே வாங்கியது, எப்போது கட்டி முடித்தது, ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அப்பாவோ அம்மாவோ இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.